சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வில் இளைஞர்களின் பங்கு: நெல்லிக்குப்பம் வட்டாரத்தை முன்வைத்து

சாலைப் பாதுகாப்பு என்பது சாலையைப் பயன்படுத்தும் எவரும் உயிரிழப்போ காயமோ இன்றி வீடு திரும்புவதற்கான வழிமுறைகளின் தொகுப்பு ஆகும். நடந்து செல்வோர், மிதிவண்டி ஓட்டுவோர், இருசக்கர வாகனத்தில் செல்வோர், பேருந்துப் பயணிகள், சரக்கு வாகன ஓட்டுநர்கள் என அனைவரும் இதில் அடங்குவர். இதனைப் பற்றிய அறிவை மக்களிடம் கொண்டு சேர்ப்பதில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குத் தனி இடம் உண்டு. அவர்கள் என்ன செய்ய முடியும், எது பயன் தரும், எது வெறும் சடங்காக முடிந்துவிடும் என்பதைக் கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இளைஞர்களுக்கு இது ஏன் முதன்மையானது?

உலகில் ஆண்டுதோறும் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணம் சாலை விபத்தே என்றும் அவ்வறிக்கை குறிப்பிடுகிறது. காய்ச்சலுக்கும் தொற்று நோய்க்கும் அஞ்சும் நாம், பிள்ளைகளின் உயிரை அவற்றைவிட மிகுதியாகப் பறிப்பது சாலை என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தோரில் மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். 18 வயது நிரம்பாதவர்கள் 9,528 பேர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 விபத்துகளுடன் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. இங்கு உயிரிழந்தவர்கள் 17,884 பேர்.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். அரசுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 2016இல் 17,218 ஆக இருந்த சாலை இறப்பு 2019இல் 10,525 ஆகக் குறைந்தது. 2022இல் அது மீண்டும் பழைய அளவைத் தாண்டிவிட்டது. குறைக்க முடியும் என்பதையும், கவனம் தளர்ந்தால் கிடைத்த பயன் நிலைக்காது என்பதையும் இந்த மூன்று எண்களும் சேர்ந்து காட்டுகின்றன.

நெல்லிக்குப்பம் வட்டாரமும் அதன் சாலைகளும்

நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தில் உள்ள நகராட்சி ஆகும். கடலூரையும் பண்ருட்டியையும் இணைக்கும் சாலை இவ்வூர் வழியாகச் செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பட்ட சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர் இது. விழுப்புரம் – கடலூர் – மயிலாடுதுறை ரயில் பாதையும் இவ்வூர் வழியே செல்கிறது. தென்மேற்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் கொண்ட நெய்வேலி நகரியம் இருக்கிறது. பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வட்டாரத்தை ஒட்டியே அமைந்துள்ளது.

இத்தகைய ஊரின் சாலையில் பல வேகங்கள் ஒரே நேரத்தில் கலக்கின்றன. அரைவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் மெல்ல நகர்கின்றன. அவற்றைத் தனியார் பேருந்துகள் முந்துகின்றன. பணிமுறை மாறும் நேரங்களில் தொழிலாளர்கள் இருசக்கர வாகனங்களில் விரைகின்றனர். இவற்றுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் செல்கின்றனர். கரும்புக் கட்டுகள் வண்டியின் பக்கங்களிலும் பின்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும்போது பின் விளக்கு மறைந்துவிடுகிறது. இரவில் பின்னால் வருபவருக்கு, மிக அருகில் வந்த பிறகே அந்த வண்டி கண்ணுக்குத் தெரியும்.

2023 ஜூன் 19 அன்று நெல்லிக்குப்பத்தை அடுத்த பட்டாம்பாக்கம் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதிக்கொண்டதில் பலர் உயிரிழந்தனர்; எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஒரு பேருந்தின் முன் டயர் வெடித்ததால் அது கட்டுப்பாட்டை இழந்ததாக முதற்கட்டச் செய்திகள் தெரிவித்தன. 2025 ஜூலை 8 அன்று கடலூரை அடுத்த செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் மூவர் உயிரிழந்தனர். இரண்டும் இம்மாவட்டத்திலேயே நிகழ்ந்தவை. ஆகவே சாலைப் பாதுகாப்பு இங்குள்ள மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்துச் செய்தி மட்டுமன்று. காலையில் புத்தகப் பையுடன் புறப்படும்போதே தொடங்கும் பொருள்.

விபத்தின் இயற்பியல்

விழிப்புணர்வு ஊட்டுவோர் "மெதுவாகச் செல்லுங்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் என்பதையும் விளக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலே அதற்குப் போதும்.

ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குச் சுமார் ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடியிலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் பிறகே வேகம் குறையத் தொடங்கும். உலர்ந்த நல்ல சாலையில், நல்ல பிரேக் உள்ள வண்டிக்குத் தோராயமாகக் கணக்கிட்டால்:

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி முழுதும் நிற்கச் சுமார் 20 மீட்டர் தேவை.
மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுமார் 37 மீட்டர் தேவை.
மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 57 மீட்டர் தேவை.

வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் இரு மடங்குக்கும் மேலாகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதே காரணம். மழை பெய்து சாலை நனைந்திருந்தாலோ, டயர் தேய்ந்திருந்தாலோ, சுமை மிகுந்திருந்தாலோ இத்தூரம் இன்னும் கூடும்.

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். 60 கி.மீ. வேகத்தில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்க யாரும் துணிவதில்லை. ஆனால் அதே ஆற்றலுடன் தலையில் ஒன்றும் அணியாமல் கடைத்தெருவுக்குப் போய் வருகிறோம்.

தலைக்கவசத்தின் வேலை இந்த ஆற்றலை வாங்கிக்கொள்வதே. அதன் உட்புறத்திலுள்ள தடித்த நுரைப் பகுதி நசுங்கி, மூளைக்குச் செல்ல வேண்டிய அதிர்ச்சியைத் தான் ஏற்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ அறிஞர்கள், தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டனர். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் உள்ளதை வாங்க வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் விழும்போது கவசம் முதலில் கழன்று போகும். அதன் பிறகு அதனால் பயனில்லை. ஒருமுறை பலத்த அடி வாங்கிய கவசத்தில் நுரை நசுங்கியிருக்கும் என்பதால் அதை மாற்றிவிட வேண்டும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி 18 வயது நிரம்பியவரே மோட்டார் வாகனம் ஓட்டலாம். 16 வயது நிரம்பியோர் 50 சி.சி.க்கு மிகாத இயந்திரம் கொண்ட இருசக்கர வாகனத்தை மட்டும், உரிமம் பெற்று ஓட்டலாம். இன்று வீடுகளில் உள்ள ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை. ஆகவே பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் அம்மாவின் ஸ்கூட்டரில் டியூஷனுக்குச் செல்வது சட்டப்படி குற்றமாகும்.

2019இல் செய்யப்பட்ட திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இது இடமளிக்கிறது. வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறார் 25 வயது ஆகும் வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. இந்தப் பிரிவைப் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை படித்துக் காட்டினாலே பல வீடுகளில் சாவி அலமாரிக்குள் போய்விடும்.

தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. பின்னால் அமர்ந்து செல்பவரும் அணிய வேண்டும். இருசக்கர வாகனத்தில் ஓட்டுநருடன் ஒருவர் மட்டுமே பின்னால் அமரலாம்.

மாணவர் அமைப்புகள்

நம் நாட்டில் இளைஞர்களைப் பொதுப்பணியில் ஈடுபடுத்தும் அமைப்புகள் பல உள்ளன. 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் இயங்குகிறது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாம்கள் கிராமங்களில் நடைபெறுகின்றன. தேசிய மாணவர் படை, சாரண சாரணியர் இயக்கம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவையும் உள்ளன. சாலைப் பாதுகாப்பு ரோந்துப் படை மாணவர்கள் பள்ளி வாயிலில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தக் காவல்துறையிடம் பயிற்சி பெறுகின்றனர். கேரளத்தில் 2010இல் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம் 2018 ஜூலையில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகள் நாடெங்கும் நடத்தப்படுகின்றன.

இளைஞர்கள் மாற்றம் கண்ட இடங்கள்

நெதர்லாந்து இன்று மிதிவண்டிகளின் நாடாக அறியப்படுகிறது. ஆனால் 1971இல் அங்குச் சாலை விபத்துகளில் 3,300 பேர் வரை இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 1972இல், விபத்தில் மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவரின் கட்டுரையிலிருந்து, குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்ற முழக்கத்துடன் ஓர் இயக்கம் பிறந்தது. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரின் டி பைப் பகுதிச் சிறுவர்கள் தங்கள் தெருவில் விளையாட இடம் கேட்டு, சாலையை அடைத்துப் போராடினர். கார்களுக்காகவே வடிவமைக்கப்பட்ட தெருக்கள் பிள்ளைகளுக்காகவும் மாறத் தொடங்கியதில் இக்குரல்களுக்குப் பங்கு உண்டு.

2007 ஏப்ரலில் ஜெனீவாவில் உலக இளைஞர் சாலைப் பாதுகாப்பு மாநாடு முதன்முறையாகக் கூடியது. அதன் தொடர்ச்சியாக 2009இல் இளைஞர்களுக்கென்றே ஓர் உலக அமைப்பு உருவானது.

இந்தியாவில் பீகார் மாநிலம் கைமூர் மாவட்டத்தைச் சேர்ந்த ராகவேந்திர குமார், 2014இல் தம் நண்பர் தலைக்கவசமின்றிச் சென்று விபத்தில் இறந்த பின், சாலையில் செல்வோருக்குத் தலைக்கவசம் வழங்கத் தொடங்கினார். பழைய பாடப்புத்தகங்களைக் கொடுப்பவருக்குத் தலைக்கவசம், அப்புத்தகங்கள் ஏழை மாணவருக்கு என்ற முறையையும் கடைப்பிடித்தார். 2007இல் பள்ளி மாணவரான தம் உறவினரை டெல்லிச் சாலை விபத்தில் இழந்த பியூஷ் திவாரி, 2008இல் சேவ்லைஃப் அறக்கட்டளையை நிறுவினார். அடிபட்டவருக்கு உதவுவோரைக் காக்க வேண்டும் என்று அந்த அறக்கட்டளை தொடர்ந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று தீர்ப்பளித்தது.

விழிப்புணர்வின் எல்லை

பேரணி, ஓவியப் போட்டி, உறுதிமொழி ஆகியவை நல்ல தொடக்கங்களே. ஆனால் அறிவுரை மட்டும் நடத்தையை மாற்றிவிடாது. மேலை நாடுகளில் பள்ளிகளில் அளிக்கப்பட்ட ஓட்டுநர் கல்வியை ஆராய்ந்த தொகுப்பாய்வு ஒன்று, அது விபத்துகளைக் குறைத்ததற்குச் சான்று இல்லை என்றும், மாணவர்கள் முன்கூட்டியே உரிமம் பெற்று ஓட்டத் தொடங்க வழிவகுத்தது என்றும் கண்டது. "நமக்கு எல்லாம் தெரியும்" என்ற எண்ணமும் ஆபத்தானதே.

சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற சுழிய இலக்குக் கொள்கை இதற்கு மாற்று வழியைக் காட்டியது. மனிதர் தவறு செய்வர். அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையும் வாகனமும் வேகமும் அமைய வேண்டும் என்பதே அதன் சாரம். அப்படியானால் இளைஞர்களின் பணி மக்களுக்கு அறிவுரை சொல்வதோடு முடிவதில்லை. ஆபத்தான இடத்தைக் கண்டறிந்து, உரியவர்களிடம் சொல்லி, அது சரிசெய்யப்படும் வரை பின்தொடர்வதும் அவர்கள் பணியாகிறது.

நெல்லிக்குப்பம் போன்ற ஊரில் செய்யத்தக்கவை

முதலாவது, எண்ணிப் பார்த்தல். பள்ளி வாயிலில் பாதுகாப்பான இடத்தில் நின்று, காலை அரை மணி நேரம் செல்லும் இருசக்கர வாகனங்களை எண்ண வேண்டும். தலைக்கவசம் அணிந்தோர், பட்டை மாட்டியோர், கவசத்தை டேங்க் மீது வைத்திருப்போர், மூவராகச் செல்வோர் எனத் தனித்தனிக் கட்டங்களில் கோடிட்டுக் குறிக்கலாம். மூன்று மாதம் கழித்து அதே கிழமையில் அதே நேரத்தில் மீண்டும் எண்ண வேண்டும். இடையில் செய்த பிரசாரம் பயன் தந்ததா என்பதை இந்த இரண்டு தாள்களும் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஆபத்து வரைபடம். வீட்டிலிருந்து பள்ளி வரை உள்ள வழியை ஒவ்வொரு மாணவரும் வரைந்து, வண்ணம் அழிந்த வேகத்தடை, எரியாத தெருவிளக்கு, வளைவை மறைக்கும் முட்செடி, நடைபாதை இல்லாத இடம், ரயில்வே கேட் ஆகியவற்றைக் குறிக்கலாம். பல வரைபடங்களில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தால் அதுவே முதலில் கவனிக்க வேண்டிய இடம்.

மூன்றாவது, மனு. சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. பெரியவர்கள் துணையுடன் அங்கே வரைபடத்தை முன்வைக்கலாம். நகராட்சிப் பகுதியில் வார்டு உறுப்பினரிடமும் நகராட்சி அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்குகிறது; திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் ஆட்சியரிடம் மனு அளிக்கலாம். மனுவில் இடம், குறை, வேண்டுவது ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். மனு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ஒளிரும் ஸ்டிக்கர். அரைவைப் பருவம் தொடங்கும் முன் டிராக்டர் டிரெய்லர்களின் பின்புறமும் பக்கங்களிலும், மாட்டு வண்டிகளிலும், மாணவர்களின் மிதிவண்டிகளிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு, மஞ்சள் ஸ்டிக்கர்களை ஒட்டலாம். குறைந்த செலவில் இரவு விபத்துகளைத் தடுக்க உதவும் பணி இது. உரிமையாளரிடம் கேட்டு, வண்டி நின்றிருக்கும்போது மட்டுமே ஒட்ட வேண்டும். கரும்பு மறைக்காத இடமாகப் பார்த்து ஒட்டுவது அவசியம்.

ஐந்தாவது, ரயில்வே கேட் ஒழுக்கம். கேட் மூடியிருந்தால் அதன் அடியில் நுழையக்கூடாது. திறந்திருந்தாலும் நின்று, இருபுறமும் பார்த்து, காதால் கேட்டுக் கடக்க வேண்டும். காதில் இயர்போன் இருக்கக்கூடாது. வேனில் செல்லும் பிள்ளைகளும் பேச்சை நிறுத்தி அமைதி காத்தால் ஓட்டுநருக்கு ரயிலின் ஒலி கேட்கும்.

ஆறாவது, வீட்டில் பேசுதல். முன்பின் தெரியாதவர் தரும் துண்டறிக்கையைவிட, "அப்பா, ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று வாசலில் நின்று மகள் சொல்லும் ஒரு சொல்லுக்கு வலிமை அதிகம். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பெற்றோரைக் கைப்பேசியில் அழைக்காமல் இருப்பதும் பிள்ளைகள் செய்யக்கூடிய உதவியே.

விபத்து நேர்ந்தால்

அடிபட்டவருக்கு விரைவில் மருத்துவ உதவி கிடைப்பது உயிரைக் காக்கும். 108 எண்ணை அழைத்து ஊர்ப் பெயர், அருகிலுள்ள அடையாளம், அடிபட்டோர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இச்சேவை 2008 முதல் இயங்குகிறது. இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கலாம். கழுத்தையோ முதுகையோ திருப்பக்கூடாது, தேவையின்றி நகர்த்தக்கூடாது. மயங்கியிருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

"உதவினால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும்" என்ற அச்சம் இன்னும் பலருக்கு உள்ளது. சட்டத்தின் 134ஏ பிரிவு நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கிறது. அவர் தம் பெயரைத் தெரிவிக்கக் கட்டாயமில்லை. மருத்துவமனையில் பணம் கட்டவும் கட்டாயமில்லை. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் இதன் வரம்பு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாயாக இருந்தது. பிற மாநிலத்தவருக்கும் இது பொருந்தும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

விழிப்புணர்வுப் பணியே ஆபத்தாகிவிடக்கூடாது. ஓடும் வாகனங்களைக் கைகாட்டி மறிப்பது, சாலை நடுவில் நின்று படம் எடுப்பது, விபத்தில் சிக்கியவரைப் படம் பிடித்துப் பரப்புவது ஆகியவை கூடாது. ஆசிரியர் அல்லது காவலர் துணையின்றிப் பெரிய சாலையில் நிற்கக்கூடாது. விதிமீறியவரைக் கேலி செய்தால் அவர் திருந்தமாட்டார்; விலகித்தான் போவார். பணிவாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்பவர் தாமே கடைப்பிடிக்க வேண்டும். பேரணியில் பதாகை பிடித்த மாணவர் அன்று மாலை மூவராக ஒரே வண்டியில் வீடு திரும்பினால், காலையில் பார்த்தவர் நினைவில் பதாகை நிற்காது. அந்த வண்டியே நிற்கும்.

முடிவாக

2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டில் சாலை இறப்புகளைப் பாதியாகக் குறைக்க ஐக்கிய நாடுகள் அவை இலக்கு வகுத்துள்ளது. அந்த இலக்கை ஜெனீவாவும் டெல்லியும் மட்டும் எட்டிவிட முடியாது. ஒரு வளைவில் முட்செடி வெட்டப்படுவதும், ஒரு கரும்பு வண்டியின் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்படுவதும், ஒரு வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சாவி மறுக்கப்படுவதும் சேர்ந்தே அந்த எண் குறையும். ஜனவரி மாதப் பேரணி முடிந்த பிறகும், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் வாயிலில் நின்று மீண்டும் எண்ணத் தொடங்கும் மாணவர் குழு ஒன்று ஒவ்வொரு ஊரிலும் அமைய வேண்டும்.